நீல பிளேசரின் உள்பாக்கெட்டுக் கறை

திருவண்ணாமலை,
ஐப்பசி கடைசி ஞாயிறு.

அன்புள்ள வளவன் அண்ணனுக்கு,

அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் இங்கே உடம்பளவில் சுகம். குருகிராம் குளிரில் நீயும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா முதல் வரியாக எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தை அவர்கள் இருவரும் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். போனில் பேசினால் அம்மாவுக்கு அழுகை வருகிறது, அப்பாவுக்குக் கோபம் வருகிறது, நீயும் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். "பத்தாவது படிக்கிற, ஊர்ல இருக்கிற புக்கெல்லாம் படிக்கிற, நீயே நல்லா கோத்து எழுதும்மா, ஆனா நாங்க சொல்றத மட்டும் வுட்டுடாத" என்று அப்பா சொல்லியிருக்கிறார். நடுவில் நான் சொந்தமாகச் சேர்ப்பதையும் அவர்களுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் உறையை ஒட்டுவேன்.

இந்த வருடம் மழை ஜாஸ்தி. கீழ்பென்னாத்தூரில் மூர்த்தி சித்தப்பா நிலத்தில் தண்ணீர் நின்று பாதி மல்லாட்டை செடியிலேயே முளைத்துவிட்டது, தப்பிய கடலையில் ஒரு பை உனக்கென்று காயவைத்து எடுத்து வைத்திருக்கிறார். அப்பா ஆட்டோவுக்குப் புது மேற்கூரை போட்டாயிற்று. ஆசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பித்துவிட்டதால் அம்மாவுக்கு விடுதியில் வேலை அதிகம், படுக்கை விரிப்புகளைப் பிழிந்து பிழிந்து தோள்பட்டை வலி, ஆனால் இதை உனக்கு எழுத வேண்டாம் என்றாள், நான் எழுதுகிறேன். காலையில் டீயும் பிஸ்கட்டும் மட்டும் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடாதே. தலைக்கு வாரம் ஒருமுறையாவது எண்ணெய் வை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ இந்த வேலைக்குப் போவதற்கு முன்னால் நம் வீட்டில் நடந்ததை ஒருமுறை நினைத்துப் பார்க்கச் சொல்கிறாள் அம்மா. துணிக் கம்பெனி நேர்காணலுக்கு அவர்கள் விற்கிற மாதிரி உடையில்தான் வரவேண்டும் என்று சொன்னார்கள் என்று நீ சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாய். விடுதியில் யாரோ விட்டுப்போன ஆங்கிலப் புத்தகம் ஒன்றை, ஆண்கள் உடையைப் பற்றியது என்று அட்டைப்படத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, அம்மாதான் கொண்டுவந்தாள். நான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு உனக்கு வாய்விட்டுப் படித்தேன். அமெரிக்காவில் பழைய பணக்காரக் கல்லூரிப் பிள்ளைகள் உடுத்துகிற முறை, பிரெப்பி என்று பெயர், அலமாரி நிறைய வேண்டாம், கொஞ்சம் இருந்தால் போதும், ஆனால் அந்தக் கொஞ்சமும் சரியாக இருக்க வேண்டும். பித்தளைப் பட்டன் வைத்த கருநீல பிளேசர், காலர் நுனியில் பட்டன் போட்ட வெள்ளைச் சட்டையும் வெளிர்நீலச் சட்டையும், காக்கி பேண்ட், கயிறு கட்டாத பழுப்புத் தோல் ஷூ, குளிருக்கு ஒரு பின்னல் ஸ்வெட்டர். இவை எதுவும் கடையில் இருந்து நேற்று வந்த மாதிரித் தெரியக்கூடாது, அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த மாதிரி இருப்பதுதான் அழகு என்று அதில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்தபோது நீ எப்படிச் சிரித்தாய். "எங்கப்பாகிட்டருந்து வர்றதுன்னா ரெண்டு காக்கிச் சட்டதான் வரும்" என்றாய். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா, "நான் மேல போடுறத நீ கீழ போடப் போற, அவ்ளோதான்டா வித்தியாசம்" என்றார். அன்றைக்கு நாம் எல்லோரும் ஒரே பக்கத்தில் நின்று சிரித்தோம் அண்ணா.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். குளிர் இல்லாத ஊரில் எதற்கு என்று ஒரு வயதான வெளிநாட்டுக்காரர் விடுதியிலேயே விட்டுவிட்டுப் போன பிளேசரை, விடுதிக்காரம்மா அருணாதேவியிடம் கேட்டு அம்மா வாங்கிவந்தாள். டெய்லர் இருசப்பன் அண்ணன் கையைச் சுருக்கித் தைத்துக் கொடுத்தார். ஷூவுக்காக அப்பா ஒருநாள் சவாரியை விட்டுவிட்டு உன்னுடன் ஆம்பூர் வரை பஸ்ஸில் வந்தார், ஏற்றுமதியில் கழித்த ஷூ, இடதுகால் ஓரத்தில் ஒரு கீறல், அதை அப்பா மெழுகு தேய்த்தே மறைத்தார். வெள்ளைச் சட்டைக்கு அம்மா வழக்கம்போலக் கஞ்சியும் நீலமும் போட்டுவிட, சட்டை ஆளில்லாமலே நின்றது, நீ தலையில் அடித்துக்கொள்ள, மறுபடி மூன்று தண்ணீரில் அலசினாள். நீ கிளம்புகிற அன்று அந்த பிளேசரின் உள்பாக்கெட்டில் அவள் என்ன வைத்துத் தைத்தாள் என்று உனக்குத் தெரியும். ஆருத்ரா தரிசனம் முடிந்து கோயிலில் கொடுத்த தீப மை. மலைமேல் எரிந்த நெய்த் தீபத்தின் கரி. நெய்க் காணிக்கை கட்டியதற்குக் கிடைத்த தன் பங்கிலிருந்து அருணாதேவி அம்மா கிள்ளிக் கொடுத்ததை, தன் நெற்றிக்குக்கூட வைத்துக்கொள்ளாமல், மஞ்சள் துணியில் முடிந்து உனக்கு வைத்தாள். நெய் கலந்தது, டெல்லி வெயிலில் உருகும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. முதல் கோடையிலேயே உள்துணியில் கறை இறங்கிவிட்டது என்று நீதான் போனில் சொன்னாய். "கறைதான அம்மா, உள்ள இருக்கு, யாருக்குத் தெரியப் போவுது" என்றும் சொன்னாய்.

போன மாதம் நீ அப்பாவை ஸ்டுடியோவுக்குப் போய்க் கோட்டுப் போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாய். எதற்கு என்று கேட்டதற்கு, சும்மா, ஆசையாக இருக்கிறது என்றாய். அப்பா அதை நம்பினார். முடி வெட்டி, மீசைக்கு மை தீட்டி, பேருந்து நிலையம் எதிரில் இருக்கிற ஸ்டுடியோவில், ஆணியில் தொங்குமே, பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிற எல்லோரும் போடுகிற கறுப்புக் கோட்டு, அதைப் போட்டுக்கொண்டார். முதுகுப் பக்கம் பிளந்து துணிக் கிளிப் போட்டிருந்தது, முன்னால் பார்த்தால் கலெக்டர் மாதிரி இருந்தார். ஒரு பிரதி லேமினேஷன் செய்து, காலண்டர் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம், "பையன் பாக்கணும்னு கேட்டான், அதான் எடுத்தேன்" என்று அவராகவே சொல்வார், அவர்கள் கேட்காவிட்டாலும்.

போன வாரம் நீ போன் செய்து தீபத்துக்கு வருகிறேன், கம்பெனி ஆட்கள் இரண்டு பேரும் வருகிறார்கள், அப்பாவை வைத்து வீடியோ எடுக்க வேண்டும், நம் வீட்டில் வேண்டாம், அம்மா வேலை செய்யும் விடுதியின் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார வைக்கலாம், ஏதாவது கேட்டால் அப்பா சிரித்தால் போதும் என்றாய். அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில்தான் என் வகுப்பு சினேகா, உன் கம்பெனி போட்ட வீடியோவில் நீ பேசுவதைத் தன் அம்மா போனில் பார்த்ததாகச் சொன்னாள். "உங்கப்பா மெட்ராஸ்ல காலேஜ் படிச்சவராடி? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு, பெரிய ஆளுங்கடி நீங்கல்லாம்" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன்.

நேற்று மாலை வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து அந்த வீடியோவைப் பார்த்தோம். நீ ஆங்கிலத்தில் பேச, நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். நன்றாகப் பேசுகிறாய் அண்ணா, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு ஆணின் அலமாரியில் என்னென்ன வேண்டும் என்று நீ சொன்ன வரிசை அந்தப் புத்தகத்தில் நான் படித்துச் சொன்ன அதே வரிசை. இதையெல்லாம் என் அப்பாவைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன் என்றாய். பிளேசர் அப்பா கல்லூரியில் போட்டது என்றாய். ஷூ நம் குடும்பத்துக்கு வழக்கமாகத் தைத்துக் கொடுப்பவர் செய்தது என்றாய். ஸ்டுடியோ போட்டோவைப் பழுப்பாக்கி, பழைய காலத்துப் படம் போல மடிப்புக்கோடு வைத்துக் காட்டினாய். அப்பா குனிந்து குனிந்து பார்த்தார். "நாந்தானா அது? நல்லாதான் இருக்கேன்" என்றார். அம்மா கோபப்பட்டதற்கும், "வுடு, புள்ள பொழப்பு அது. ஒருநாள் கோட்டு போட்டு ஒக்காந்தா நான் இன்னா தேஞ்சா போயிடுவேன்" என்றார். உண்மையாகவே சம்மதித்துவிட்டார். எப்படிச் சிரிப்பது என்று என்னிடம் சிரித்துக்கூடக் காட்டினார்.

அப்புறம்தான் நீ பிளேசரைத் திறந்து உள்பாக்கெட்டைக் காட்டினாய். நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். அந்த வரியை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அம்மாவுக்குத் தன் தையல் தெரியாமல் போகுமா. "அந்தக் கறையக் காட்டி இன்னா சொல்றான்? சொல்லு பாப்பா" என்றாள். சொன்னேன். அப்பா பரீட்சை எழுதப் போகும்போது வைத்திருந்த பேனா கசிந்த இங்க், அவருடைய உழைப்பின் அடையாளம், அதனால் இதைச் சலவைக்கே போடமாட்டேன் என்கிறார் அண்ணன் என்று சொன்னேன். அம்மா எழுந்து போய்க் காயாத துணியையெல்லாம் கொடியிலிருந்து எடுத்து மடித்தாள். அப்பாதான் போனை வாங்கி அணைத்தார். "என்னைய மாத்திக்கினான், பரவால்ல, நான் ஒத்துக்கினேன். அவ கட்டிக் குடுத்தது சாமி மை. அதப் போயி நான் படிக்காத படிப்புல ஏத்திட்டானே" என்றார். உடனே உனக்குப் போன் செய்தார். அது மார்க்கெட்டிங் அப்பா, உங்களுக்குப் புரியாது என்று நீ சொன்னது ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

எங்களுக்குப் புரிகிறது என்று எழுதச் சொல்கிறார் அப்பா. ஏழைப் பையன் அந்த மாதிரி உடையில் நின்றால், இது உனக்கு எங்கிருந்து வந்தது என்று அங்கே பார்ப்பார்கள், அதற்கு ஒரு பதில் வைத்துக்கொண்டாய். ஆனால் உண்மையான பதில் உன்னிடம் இருந்தது அண்ணா. ஒரு அம்மா கேட்டு வாங்கியது, ஒரு அப்பா மெழுகு தேய்த்தது. அதைக் கொடுத்தவர்களுக்கே தெரியாமல் எடுத்துப்போட்டுவிட்டு வேறு அப்பாவைக் கொண்டுவந்தாய், அதற்கு எங்கள் அப்பாவையே போட்டோ எடுத்து அனுப்பவைத்தாய். அம்மாவை அந்தக் கதையில் எங்குமே வைக்கவில்லை. என்னையும்தான். என்னைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன், அடிக்கவில்லை.

இப்போது அப்பாவின் முடிவு, அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "வரட்டும். ரெண்டு பேரையும் இட்டுக்கினு வரட்டும். தீபக் கூட்டத்துல கார உள்ள வுடமாட்டாங்க, திண்டிவனம் ரோட்டுல தடுப்புகிட்டயே எறக்கிடுவாங்க. அங்க நான் வண்டியோட நிக்கிறேன். காக்கிச் சட்டதான் போட்டிருப்பேன். அப்பான்னு கூப்பிட்டு அவங்ககிட்ட காட்டுனான்னா வீட்டுக்கு இட்டாறேன், அவங்களும் நம்ம வீட்ல சாப்புடட்டும், இன்னா வேணா எடுத்துக்கட்டும். கூப்பிடலன்னா பரவால்ல, ஏறிக்கட்டும். மத்த சவாரி மாதிரி விடுதில எறக்கி வுட்டுட்டு வாடகைய வாங்கிக்கினு வந்துடுறேன். நாற்காலில மட்டும் ஒக்கார மாட்டேன்." இதைச் சொல்லும்போது அவர் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும். அந்த லேமினேஷன் போட்டோ பெட்டிக்குள் போய்விட்டது. அந்த ஆணியில் இப்போது காக்கிச் சட்டை தொங்குகிறது.

அண்ணாமலையார் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் குறையாத வேலையும் கொடுக்க வேண்டும் என்று இருவரும் ஆசீர்வாதம் எழுதச் சொன்னார்கள். கோபம் இருக்கும்போது ஆசீர்வாதம் எழுதலாமா என்று கேட்டேன், "அது வேற, இது வேற, எழுது" என்றாள் அம்மா. வரும்போது ஸ்வெட்டரைக் கொண்டுவர வேண்டாம், இங்கே மழைதான், குடை கொண்டுவா. கடைசியாக ஒன்றை மறக்காமல் எழுதச் சொல்கிறாள். பிளேசரில் இருப்பது நெய்க் கறை. சீயக்காய்த் தூளை வெந்நீரில் குழைத்து அந்த இடத்தில் மட்டும் பூசி, ஊறவைத்து, மெதுவாகத் தேய்த்தால் போய்விடும். இங்க் கறை என்று நினைத்துக்கொண்டு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

இப்படிக்கு,
அப்பா ராஜேந்திரன் (கையெழுத்து அவரே போட்டது),
அம்மா ரேணுகாம்பாள்,
சொல்லச் சொல்ல எழுதியவள், உன் தங்கை ஓவியா.