முறைக்கிறவள்

டிஜோ அப்பாவுக்கு,

எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்து, பயந்துபோய் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கை நடுங்குகிறது, அவ்வளவுதான். போனில் பேசினால் குரலும் நடுங்கும், அழுகிறாள் என்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கஞ்சிக்கோட்டு வேலையிலிருந்து வீட்டுக்கு வரும்போது பேய் ஓட்டுகிற ஜெபக்காரரைக் கூட்டி வர வேண்டாம். வந்தால் டீ கொடுப்பேன். தலையில் கை வைக்க விடமாட்டேன்.

ஏலக்காய் பறிக்கும்போது விளைந்த காயோடு பிஞ்சும் சேர்ந்து வந்தது, கங்காணி திட்டினார். வண்டன்மேட்டுக் குளிரிலும் எனக்கு வியர்த்தது. இரண்டு ஆள் சோறு தின்றும் இளைத்தேன். உங்கள் அம்மா கண்டது என் கண்ணை மட்டும்தான். "எதுக்குடி என்னைய மொறைக்க? ஒனக்குள்ள என்னமோ பூந்திருக்கு."

எதுவும் புகவில்லை. நானே ஜீப் ஏறி கட்டப்பனைக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். தொண்டையில் தைராய்டு என்று ஒரு சுரப்பி, பிறந்ததிலிருந்தே இருக்கிறதாம். "மூளை போதும்னு ஆர்டரை நிறுத்திடுச்சு. இது கேக்காம சுரந்துக்கிட்டே இருக்கு. அதான் நெஞ்சு படபடக்குது, கண்ணு பிதுங்குது" என்றார் டாக்டரம்மா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமாகிப் பதினாறு வருடமாக நான் எல்லார் சொல்லையும் கேட்டேன். என் தொண்டைதான் கேட்கவில்லை போலிருக்கிறது.

மாத்திரை தொடங்கிவிட்டேன். சில வாரத்தில் நடுக்கம் அடங்குமாம், கண்ணும் மெல்லச் சரியாகலாமாம். அப்போது வந்து என் எதிரே நின்று பாருங்கள். அதற்குப் பிறகும் நான் முறைத்தால், அது தைராய்டு இல்லை. நான்தான்.

இப்படிக்கு,
பேய் பிடிக்காத உங்கள் மனைவி