சோப்பு நுரை வந்த இடம்

லிப்னிச்கா,
ஜூன் 4, செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகள் போலென்காவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம் என்றுதான் ஒவ்வொரு கடிதத்தையும் தொடங்குவேன், இந்த முறை உடம்புக்கு ஒன்றுமில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஹாலிஃபாக்ஸில் குளிர் விட்டிருக்கும், உன் இருமலும் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். பொட்டலத்தின் கனத்தைப் பார்த்து பிளம் ஜாம் வந்திருக்கிறது என்று நினைத்திருப்பாய். ஜாம் இல்லை. ஏப்ரல் உறைபனியில் பிளம் பூ முழுக்கக் கருகிவிட்டது, இந்த ஆண்டு ஒரு பழம்கூட இருக்காது. உள்ளே என் பழைய ஆய்வக மேலங்கியில் சுற்றி ஒன்று இருக்கிறது, அதைப் பிரிக்காதே, முதலில் இதைப் படித்து முடி. அப்பா காது பரிசோதனைக்கு ஒலோமௌட்ஸ் போயிருக்கிறார், பன்னிரண்டு மணி பேருந்தில் திரும்புவார். தபால் நிலையம் பதினொன்றரைக்கு மூடிவிடும். அதனால் கையெழுத்து இப்படி ஓடுகிறது, மன்னித்துக்கொள்.

உன்னிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். உனக்குத்தான் என்னைத் தெரியுமே, ரிசீவரைக் கையில் எடுத்தால் எனக்கு வானிலையைத் தவிர வேறு எதுவும் பேச வராது. எங்கள் வீட்டில் பன்றி வளர்த்தவர்கள் மத்தியில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கிய நாளிலிருந்தே நான் இப்படித்தான், நான்கு பேர் கூடினால் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பேன், எல்லாவற்றையும் பார்ப்பேன், ஒன்றும் சொல்ல மாட்டேன். பார்லியை ஊறவைத்து முளைகட்டும் எங்கள் மால்ட் ஆலை ஆய்வகத்தில் அது நல்ல குணம் என்கிறார்கள். விமானக் கொட்டகையில் அது எவ்வளவு கெட்ட குணம் என்று எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது.

அப்பா தன் கையால் கட்டிய நம் விமானத்துக்குப் போன இலையுதிர் காலத்திலிருந்தே ஒரு நோய். தரையில் ஒன்றும் தெரியாது, இரண்டாயிரம் மீட்டர் வரைக்கும் நன்றாக ஏறும், அதற்கு மேல் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். உனக்குத் தெரிந்ததுதான், என் மனதில் வரிசையாக வைத்துக்கொள்ள எழுதுகிறேன். எஞ்சினை விட்டு வெளியேறும் புகைதான் டர்போவின் சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது, அந்தச் சக்கரம்தான் மேலே மெலிந்துபோன காற்றை அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டுகிறது. புகை வழியில் எங்காவது ஒழுகினால் சக்கரம் சோம்பும். கீழே காற்று அடர்த்தி என்பதால் குறை மறைந்துபோகும், மேலே போனால் காட்டிக்கொடுக்கும். அப்பா காற்றுக் குழாய்களையும் கவ்விகளையும் மாற்றினார், அழுத்தமானியை மாற்றினார், அதிகப் புகையைத் திறந்துவிடும் வால்வைக் கழற்றிக் கழுவிப் பூட்டினார், எண்ணெய் வரும் குழாயை மாற்றினார். ஏழு முறை. எஞ்சின் பதிவேட்டில் ஏழும் என் கையெழுத்தில் இருக்கிறது, 'செய்தவர்' என்ற கட்டத்தில் ஏழு முறையும் அப்பா பெயர். ஒவ்வொரு முறையும் மேலே போய் மூச்சு வாங்கிவிட்டுத்தான் இறங்கினார். அவர் தொடாத பொருள் ஒன்றே ஒன்றுதான். எஞ்சினிலிருந்து டர்போவுக்குப் போகும் அந்த முழங்கைக் குழாய், நீ செய்தது.

அதைப் பற்றி நாம் இருவரும் ஒருபோதும் பேசியதில்லை, இன்று பேசிவிடுகிறேன். அந்தக் குளிர்காலம் முழுக்க நீ எஃகுக் குழாயைப் பூசணிக்கீற்றுகளாக அறுத்து, கோணம் பார்த்து, பன்னிரண்டு துண்டுகளைப் பதினோரு இடத்தில் பற்றவைத்து வளைத்தாய். விரல் நுனியெல்லாம் கொப்புளத்தோடு பல்கலைக்கழகத் தேர்வு எழுதினாய். முதல் பறப்பு நாளில் ஊரே கூடி நின்றபோது, விமானச் சங்கத்து ஆய்வாளர் வெந்தெலீன் குனிந்து பார்த்துவிட்டு, "இத யாருடா பத்தவெச்சது?" என்று கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே, "அதுவா, கோழி எச்சம் போட்ட மாதிரி இருக்கே தெரியல? எங்க பொண்ணு வேலை. ஒட்டிக்கிட்டு நிக்குது, அது போதும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீ தொப்பியை இறக்கைமேல் கழற்றி வைத்துவிட்டு நடந்து போனாய். சைக்கிளில் வீட்டுக்குப் போகிறாய் என்று நினைத்தேன், அப்போதே நீ கனடாவுக்கு நடக்க ஆரம்பித்திருந்தாய். நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அப்பா அதன் பிறகு அந்தச் சொல்லை எடுத்ததில்லை. தங்கக் கை என்று ஊர் அவரைச் சொல்லும், அந்தப் பெயரால் அவருக்கு மன்னிப்புக் கேட்கவே பழக்கமில்லாமல் போய்விட்டது. போன மார்ச்சில் வெந்தெலீன் வழக்கம்போல, "டேய் போஹுஷ், அந்தக் கோழி எச்சம் இன்னும் உதிரலையா?" என்று கேட்டார். அப்பா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. நாற்பது ஆண்டுச் சிநேகம்.

மே நடுவில் வெந்தெலீன்தான் சொல்லியனுப்பினார், வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைப் புகைபோக்கியில் மாட்டி, குழாய் நெடுக சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், ஒழுகினால் நுரைக்கும், சாயங்காலம் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று. நம் வீட்டு வாக்குவம் கிளீனரைத்தான் எடுத்துக்கொண்டு போனோம். அப்பா ஊதினார், நான் தூரிகையால் தடவிக்கொண்டே வந்தேன். உன் குழாயில், ஏழாவது பற்றின் ஓரத்தில் நுரை வந்தது. சின்னச் சின்னக் குமிழிகள், மால்ட் ஊறும்போது வருமே அப்படி. நான் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சட்டைக் கையால் துடைத்துவிட்டு, "சோப்பு தூக்கலாப் போட்டுட்ட க்வெதா. ஈரத்துல எங்க வேணா நுரைக்கும்" என்றார். நான் மறுபடி தடவப் போனேன். தூரிகையை வாங்கி வாளிக்குள் போட்டுவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "அவ பத்தவெச்சது ஒழுகாது" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்த மனுஷன் ஏழு முறையும் தெரிந்தேதான் சுற்றி வந்திருக்கிறார். அந்தக் குழாயை வெட்டி எறிந்தால், அன்றைக்கு ஊர் முன்னால் சொன்னதை இன்னொரு முறை சொன்னதாகிவிடும் என்று நினைக்கிறார். அதைவிட விழுந்து செத்தால் பரவாயில்லை என்றும் நினைக்கிறார் போல. வெந்தெலீன் வந்தார், "என்ன, விமான மகாராணிக்குத் தலைக்குளியலா? நுரை எங்கயாவது வந்துச்சா?" என்றார். அப்பா இல்லை என்றார். வெந்தெலீன் என் பக்கம் திரும்பி, "அவன் சொல்றது கெடக்கட்டும், எழுதுறவங்க சொல்லட்டும். க்வெதா, சரிதானே?" என்றார். போலென்கா, நான் தலையாட்டினேன். அவர் என் தலையாட்டலை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

போன சனிக்கிழமை அப்பா தனியாகப் பறந்தார். இறங்கியதும் எஞ்சினைச் சும்மா இரண்டு நிமிடம் ஓடவிட்டுத்தான் அணைப்பார், உடனே அணைத்தால் கொதிக்கிற டர்போவுக்குள் எண்ணெய் கருகிவிடும் என்று உனக்கும் எனக்கும் ஆயிரம் தடவை சொன்னவர். ஆறு ஆண்டில் ஒருநாளும் தவறியதில்லை. அன்று விமானம் நின்ற கணமே அணைத்துவிட்டார். கதவைத் திறந்து இறங்கி இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகம் சிவந்திருந்தது, தலை வலிக்கிறது என்றார். வெயில் என்றார். விஷவாயு வந்தால் கறுக்கும் என்று விமானி இருக்கைக்கு முன்னால் நான் ஒட்டிவைத்த சின்ன அட்டை கறுத்துப்போயிருந்தது. நான் பார்ப்பதற்குள் அதைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டார், ஆனால் நான் பார்த்துவிட்டேன். எஞ்சின் மூடியைத் திறந்தபோது உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் கருகிப் பழுப்பேறியிருந்தது, தடுப்புத் தகட்டில் மாவு தூவிய மாதிரி வெளுத்த சாம்பல். இரண்டு விரல் தள்ளி பெட்ரோல் குழாய் போகிறது. அதன் உறையைத் தொட்டேன், காய்ந்த ரொட்டித் தோல் மாதிரி நொறுங்கியது. இவ்வளவையும் பார்த்துவிட்டு, இருபத்து மூன்றாம் தேதி பறப்பு விழாவில் மூவாயிரம் மீட்டர் ஏறிக் காட்டப் போகிறேன் என்கிறார், ஊரில் அவருடைய எஞ்சினுக்கு ஆஸ்துமா என்று கேலி செய்கிறார்களாம். பக்கத்து இருக்கையில் வெந்தெலீனையும் ஏற்றிக்கொள்வாராம். ஞாயிறும் திங்களும் சொல்லிப் பார்த்தேன். அழக்கூடச் செய்தேன். "எனக்குத் தெரியாததா?" என்கிறார், அவ்வளவுதான். வெந்தெலீன் வீட்டு வாசல்வரை போய் மணியை அடிக்காமல் திரும்பி வந்தேன். தலையாட்டிய என்னை அவர் எப்படிப் பார்ப்பார் என்று கால் கூசியது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை ஏழு மணிக்கு அப்பாவைப் பேருந்து ஏற்றிவிட்டு நேரே கொட்டகைக்குப் போனேன். நேற்றே மரைகளில் எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். நான்கு மரைகளில் மூன்று வந்தன, ஒன்று முறிந்தது, என் விரல் முட்டியின் தோலும் உரிந்தது. உன் குழாய்தான் இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. வேறு குழாய் அவரிடம் இல்லை. புதிதாக ஒன்று செய்து மாட்டினால் உயிரோடு இருப்பார், செய்ய மனம் வராமல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாலும் உயிரோடு இருப்பார், எனக்கு அது போதும். என்னை இனி அந்தக் கொட்டகைக்குள் விடமாட்டார், அது எனக்குத் தெரியும். முப்பது ஆண்டு கூடவே இருந்து எழுதியவள் திருடிவிட்டாள் என்று அவர் நினைக்கப்போகும் முகத்தைத்தான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. சமையலறை மேசையில் வைத்து ஆய்வக லென்ஸால் பார்த்தேன். உன் பதினோரு பற்றிலும் ஒரு மயிரிழைகூட விரியவில்லை. நீ போன அந்த இலையுதிர் காலத்தில், உன் குழாய் அதிர்ந்து விட்டுப்போய்விடக் கூடாது என்று அப்பா தன் கையால் ஒரு தாங்குபட்டை செய்து அதைச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டினாரே, அந்தப் பட்டைக்கு அடியில்தான் வெடிப்பு. பாதிச் சுற்று ஓடியிருக்கிறது. சுட்டால் நீளவேண்டிய குழாய், நீள இடமில்லாமல் வெடித்திருக்கிறது. அங்கே ஒழுகிய காற்று பட்டைக்கு அடியில் ஓடி உன் ஏழாவது பற்றின் ஓரத்தில் நுரையாக வந்திருக்கிறது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன், இருவருமே உன் வேலை என்றே நினைத்தோம். உன் பிழை என்று எண்ணி அதை உயிரைக் கொடுத்து மறைத்தவரிடம், இல்லை, இது உங்கள் கை என்று நான் எப்படிப் போய்ச் சொல்வேன்? நீ சொல் என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. நான் எழுதிய நாற்பது கடிதத்துக்கு நான்கு பதில் வந்திருக்கிறது, அந்த நான்கிலும் அப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை. குறை சொல்லவில்லை. நீயே பார், உன் கண்ணால் பார் என்றுதான் அனுப்புகிறேன். பார்த்த பிறகு என்ன செய்வது என்று எனக்கே தெரியாததை உனக்கு எப்படிச் சொல்வேன்.

நேரம் ஆகிவிட்டது. வெடித்த ஓரம் கூர்மையாக இருக்கும், கையுறை போட்டுக்கொண்டு பிரி. காது மூடித் தொப்பி போட்டுக்கொள், வெறும் ரொட்டியில் நாளை ஓட்டாதே. கடவுள் உன் கைகளுக்கு ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும். பொட்டலம் வந்து சேர்ந்தது என்றாவது ஒரு வரி போடு, அப்பா பெயருக்குப் போட்டால் இன்னும் நல்லது. பதிவேட்டில் இன்றைய தேதியிட்டு, 'முழங்கைக் குழாய் கழற்றப்பட்டது, விமானம் பறக்கத் தகுதியில்லை' என்று எழுதி, விமானியின் இருக்கைமேல் திறந்தே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கடைசிக் கட்டத்தில் முதல் முறையாக அவர் பெயரை எழுதவில்லை.

செய்தவர்:
உன் அம்மா,
க்வெதா