உன் அப்பா நீக்கிய பாட்டு

மெம்பிஸ்
அக்டோபர் 22, 1978

அன்பு மகள் வினெட்டாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே என் வலது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது, அங்கே நீயும் உன் பள்ளிப் பிள்ளைகளும் காய்ச்சல் அண்டாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். குமாசியிலிருந்து நீ போட்ட கடிதம் இருபத்து மூன்று நாள் சுற்றிவிட்டுப் போன செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. சமையலறைக் கூரை ஒழுகியதைச் சரிசெய்தாகிவிட்டது, பக்கத்து வீட்டு நாய் என் கீரைப் பாத்தியை மறுபடியும் கிளறிவிட்டது, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என்னை இப்போது மேற்பார்வைக்குப் போட்டிருக்கிறார்கள், நிற்பது குறைந்திருக்கிறது, கத்துவது கூடியிருக்கிறது. இவ்வளவுதான் என் சேதி. நீ கேட்டது இது இல்லை என்று தெரியும். அப்பாவின் படம் எப்படி, பெரியப்பா வந்தாரா, இரண்டு பேரும் பேசினார்களா, கூட்டாமல் குறைக்காமல் எழுது என்று கேட்டிருந்தாய். அப்படியே எழுதுகிறேன். உன் அப்பாவும் நானும் சண்டையில்லாமல் ஆளுக்கொரு ஊரில் இருந்து ஆறு வருஷம் ஆகிறது, அதனால் அவர் பக்கமும் சாய வேண்டியதில்லை, பெரியப்பா பக்கமும் சாய வேண்டியதில்லை.

முதலில் அண்ணன் தம்பி சண்டை எதனால் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. அப்போது உனக்குப் பதினாலு வயது, நாங்களும் சொல்லவில்லை. அறுபத்தெட்டில் குப்பை அள்ளுகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பெரியப்பா ஹோசேயா முதல் வரிசையில் நின்றார், அது உனக்கு நினைவிருக்கும், கோரிக்கை எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நம் வீட்டு வாசல் வழியாகத்தான் தினமும் போவார். அந்த நாளில் உன் அப்பாவின் மூன்று பாட்டுகள் ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்தன. லெமுவல் ஹாஸ்கின்ஸ் என்றால் நம் கறுப்பினத்தார் பாடுகிற சோல் பாட்டைக் கேட்கிற யாருக்கும் தெரியும். மார்ச் மாதத்தில் சர்ச்சில் வேலைநிறுத்தக்காரர்களுக்காக ஒரு கூட்டம் வைத்தார்கள், தம்பி வந்து பாடுவான் என்று பெரியப்பா எல்லோரிடமும் வாக்குக் கொடுத்துவிட்டார். அதே வாரம் உன் அப்பாவுக்கு லண்டனில் தொடங்கி ஐந்து வாரக் கச்சேரிப் பயணம், கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அவர் போய்விட்டார். கூட்டத்தில் பாட ஆள் இல்லாமல் போனது ஒரு பக்கம். ஏப்ரலில், வேலைநிறுத்தக்காரர்களுக்குத் துணை நிற்க நம் ஊருக்கு வந்த போதகரைச் சுட்டுக் கொன்றார்கள், அதன் பிறகு நடந்த ஊர்வலத்திலும் உன் அப்பா இல்லை. ஏப்ரல் கடைசியில் திரும்பி வந்து அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டியபோது பெரியப்பா கதவைப் பாதிதான் திறந்தார். "உன் பாட்டு எங்களுக்கு வேண்டாம்டா லெம், நீயே வச்சுக்க" என்றார். நான் படிக்கட்டில் நின்றிருந்தேன், என் காதால் கேட்டது. அதற்குப் பிறகு பத்து வருஷம் ஒரு வார்த்தை கிடையாது. அவர்கள் அம்மாவின் அடக்கத்தில்கூடக் கல்லறையின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள்.

உன் அப்பா மேடையில் பாடுவதை நிறுத்தியது அப்போதிருந்துதான். தொண்டை சரியில்லை என்று வெளியே சொன்னார், தொண்டைக்கு ஒன்றும் இல்லை. எழுபத்தொன்றில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஒரு இளம் டைரக்டர் வந்து டாக்சி ஓட்டுகிறவன் ஒருவனைப் பற்றிய படத்துக்கு இசை வேண்டும் என்று கேட்டார். இவருக்கு ஆர்கன் வாசிக்கத் தெரியும், பாடத் தெரியும், இசையைத் தாளில் எழுத ஒரு எழுத்துத் தெரியாது. அங்கே போனபோது ஒலிப்பதிவுக் கூடத்தில் நாற்பது பேர் வயலினும் செல்லோவுமாக உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோர் முன்னாலும் இசைத்தாள் இல்லாத வெறும் தாங்கி. "எங்க தாள் எங்கே?" என்று ஒருவர் கேட்க, உன் அப்பா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டியிருக்கிறார், சிரித்துவிட்டார்களாம். அன்று முழுக்க ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியை வாயால் பாடிக் காட்டி வேலையை முடித்துவிட்டு ஊருக்கு வந்தார். வந்த மறுநாளே உன் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் இமோஜின் அம்மாவிடம் போய், முப்பத்தெட்டு வயதில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து எழுதப் படித்தார். நீ வெட்கப்பட்டுக்கொண்டு வேறு வழியாக வீட்டுக்கு வந்தது எனக்குத் தெரியும். ஏழு மாதத்தில் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு எட்டுப் படங்கள். படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு, நடிகன் கண்ணை மூடித் திறக்கிற நேரத்தைக்கூடக் குறித்து வைப்பார். வீட்டில் நான் முட்டை வேகவைத்தாலும் நேரம் சொல்வார். அந்த ஊரிலேயே வேலை என்றானது, நான் மெம்பிஸை விட்டு வரமாட்டேன் என்றேன், மற்றது உனக்குத் தெரிந்ததுதான்.

போன வருஷம் தானே தயாரிப்பாளராகி ஒரு படம் எடுக்கப்போவதாகப் போன் செய்தார். என்ன படம் என்று கேட்டேன். "அந்த வேலைநிறுத்தம்" என்றார். அண்ணனுக்குத் தெரியுமா என்றேன், கதையைத் தபாலில் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். பெரியப்பா அந்த உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார், அனுப்பும் முன் எனக்கும் காட்டினார், மேலே தன் கையால் "ஆள் இல்லை" என்று எழுதியிருந்தார். மே மாதம் படப்பிடிப்பு இங்கேதான் நடந்தது. பழைய தொழிலாளிகள் நிறையப் பேர் நடிக்கப் போனார்கள், இவர் மட்டும் அந்தத் தெருவையே மிதிக்கவில்லை. பிறகு ஒரு நாள் வேலை முடித்து வருகிற வழியில் யாரோ அவரிடம், தொழிலாளியாக நடிக்கிற பையன் குப்பைத் தொட்டியை இரண்டு கையாலும் வயிற்றுக்கு முன்னால் பிடித்துத் தூக்குகிறான் என்று சொல்லியிருக்கிறார்கள். அது பொறுக்கவில்லை அவருக்கு. லாரியிலிருந்து இறங்கி நேராகக் கேமராவுக்கு முன்னால் போய் நின்று, "அப்படித் தூக்கினா ஒரே நாள்ல இடுப்பு போயிடும், தோள்ல ஏத்துடா, ஒழுகுற பக்கத்தை வெளியே திருப்பு" என்று அந்தப் பையனுக்குக் காட்டிக்கொடுத்தார். உன் அப்பா பத்தடி தூரத்தில் நின்றார். பெரியப்பா அவரைப் பார்க்கவே இல்லை. மறுநாளும் வந்தார். பத்து நாள் வந்தார், பத்து நாளும் பார்க்கவில்லை. அந்த நடிகன் பெயரைக் கேட்டுக்கொண்டார், தம்பி கொடுத்த காபியை அந்த நடிகனை வாங்கிக் குடிக்கச் சொல்லிவிட்டார்.

கோடை முழுக்க உன் அப்பா லாஸ் ஏஞ்சலிஸில் இசை சேர்த்தார். ஊர்வலக் காட்சிக்கு ஒரு பாட்டு எழுதியிருந்தார், பத்து வருஷத்துக்குப் பிறகு தானே பாடினார். டேப்பைக் கொண்டுவந்து என் சமையலறையில் போட்டுக் காட்டினார். நான் அவர் பாடியதையெல்லாம் முதல் நாளிலிருந்து கேட்டவள், எதைப் பற்றியும் பெரிதாகப் புகழ்ந்ததில்லை. இதைக் கேட்டு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. படத்தைத் தியேட்டர்களுக்கு விற்கிற கூட்டாளி பிரிட்செட் என்பவர், இந்தப் பாட்டு ஒன்றே படத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்று குதித்துக்கொண்டிருந்தாராம்.

படம் வெளியே வருவதற்கு முன் அண்ணன் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று உன் அப்பா ஆசைப்பட்டார், கேட்கிற வேலையை என் தலையில் கட்டினார். நான் போய், பிடிக்கவில்லை என்றால் பாதியில் எழுந்து போங்கள் என்றேன். "எழுந்து போறதுக்கு அவன்தான் கெட்டிக்காரன், நான் கடைசிவரை இருப்பேன்" என்றார் பெரியப்பா. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, தியேட்டரில் நாங்கள் மூன்று பேர். பெரியப்பா முன் வரிசை, உன் அப்பா கடைசி வரிசை, நான் நடுவில். ஊர்வலக் காட்சி வந்தது, பாட்டு வந்தது, முடிந்தது. பெரியப்பா கையைத் தூக்கி, நிறுத்தச் சொல்லு என்றார். விளக்குப் போட்டார்கள். திரும்பாமலே பேசினார். "அன்னைக்கு நீ இல்ல. இப்ப மட்டும் எதுக்குப் பாடுற?" பத்து வருஷத்தில் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அது. உன் அப்பா எழுந்து நின்று, "அன்னைக்குப் பாடாததைத்தாண்ணே இப்ப பாடுறேன்" என்றார். பெரியப்பா இப்போதுதான் திரும்பினார். "அன்னைக்கு யாருமே பாடல லெம். அத்தனை ஆயிரம் பேரு, ஒருத்தனும் வாயே திறக்கல. எனக்கு முன்னாடி போனவன் ஷூ சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. அதுமேல வயலினைக் கொட்டி மூடிட்டியே." பாட்டு நன்றாக இல்லையா என்று உன் அப்பா கேட்டார். "நல்லா இருக்கு. அதான் வம்பு. பாக்குறவன் உன்னைக் கேட்டுட்டு இருப்பான், எங்களைப் பாக்க மாட்டான்" என்றார் பெரியப்பா. நான் உன் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கோபித்துக்கொண்டு வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மேலே இருந்த ஆபரேட்டரிடம் அந்த ரீலைச் சத்தமில்லாமல் மறுபடி போடச் சொன்னார். ஸ்டாப்வாட்சை எடுத்து அமுக்கிவிட்டு நின்றுகொண்டே பார்த்தார். நாலு நிமிஷமும் சில விநாடிகளும். முடிந்ததும் வாட்சைப் பையில் போட்டுக்கொண்டு, "சரிண்ணே" என்றார். காரில் ஏறும்போது என்னிடம் மட்டும், "ஓர்டெல்லா, இதைப் பாடத்தான் நான் இத்தனை வருஷம் வாயை மூடிட்டு இருந்தேன்" என்றார். தெரியும் என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். பாட்டை எடுத்துவிட்டுக் காலடிச் சத்தத்தை மட்டும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும் என்றார் உன் அப்பா, பெரியப்பா ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அறுபத்திரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ரப்பர் அடி ஷூ போட்டு வந்த நாலு பேரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பித் தோல் ஷூ மாட்டிக்கொண்டு வரச் சொன்னார். உன் அப்பா பழக்கத்தில் கையை ஆட்டி நடையை ஆரம்பித்து வைக்கப் போக, "கையை இறக்குடா, நாங்க பாட்டுக்கு நடந்துக்குவோம், உனக்கு மைக்கைப் பிடிக்கத் தெரிஞ்சா போதும்" என்று ஒரு அதட்டல் போட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அந்த ஒரு தடவை நடந்தது வீணானது. இரண்டாம் தடவை யாரும் சிரிக்கவில்லை. பிரிட்செட் போனில் கத்தினது என் வீட்டுச் சுவர் வரை கேட்டது, உன் குரலுக்கு டிக்கெட் வாங்குவான், காலடிச் சத்தத்துக்கு எவன் வாங்குவான் என்று. தயாரிப்பாளர் நான்தான் என்று ஒரே வார்த்தை சொல்லிப் போனை வைத்தார் உன் அப்பா. பிரிட்செட் தன் பெயரை எடுத்துக்கொண்டு விலகினார், அதனால் பெரிய ஊர்களில் தியேட்டர் கிடைக்கவில்லை.

போன மாதம் பதினாறாம் தேதி இங்கே வெளியானது. கூட்டம் நிறைய, பெரும்பாலும் நடந்தவர்களும் அவர்கள் வீட்டாரும்தான். ஊர்வலம் வந்தபோது ஷூச் சத்தம் மட்டும் கேட்டது. யாரும் இருமவில்லை. எனக்குப் பின்னால் ஒரு அம்மாள் திரையில் யாரையோ பார்த்துவிட்டு மெதுவாகப் பெயரைச் சொன்னாள், பிறகு அங்கங்கே ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல ஆரம்பித்தார்கள், செத்துப்போனவர்கள் பெயரும் இருந்தது. நான் அழவில்லை, நீ கேட்பாய் என்று எழுதுகிறேன். படம் பதினோரு நாள் ஓடியது. ஒரு பத்திரிகை, இசையமைப்பாளர் முக்கியமான இடத்தில் தூங்கிப்போய்விட்டார் என்று எழுதியது. உன் அப்பா அதைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்திருக்கிறார். இப்போது நாயும் குரங்கும் நண்பர்களாகிற ஏதோ ஒரு படத்துக்கு இசை போட ஒத்துக்கொண்டிருக்கிறார், குரங்குக்குப் பாட்டு உண்டாம்.

உன் அப்பா லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் இரண்டு பேரையும் இங்கே சாப்பிடக் கூப்பிட்டேன். கெளுத்தி மீன் வறுத்து, கீரையும் சோள ரொட்டியும் வைத்தேன். பழைய பேச்சு எதுவும் எழவில்லை, மன்னிப்பும் யாரும் கேட்கவில்லை, மீனில் உப்புக் கூடியதா இல்லையா என்று அரைமணி நேரம் வாதாடினார்கள். மறுநாள் காலை நான் டாக்சிக்குச் சொல்லியிருந்தேன், அதற்குள் பெரியப்பா தன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திப் பெட்டியைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டார். விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்தவரிடம், வழியில் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் பேசல" என்றார். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "ரேடியோல அவன் பழைய பாட்டு ஒண்ணு வந்துச்சு. அணைக்கலாம்னு அவன் கையை நீட்டினான். இருக்கட்டும்னு நான் தட்டிவிட்டேன்" என்றார்.

நேரமாகிறது மகளே, வேலைக்குப் போக வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, மலேரியா மாத்திரையை மறந்துவிடாதே, கொசுவலை கிழிந்தால் தைத்துக்கொள், ஊசி அனுப்பியிருக்கிறேன். பெரியப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, உன் தபால்தலைகளைச் சேர்த்து வைக்கிறார், சொல்லமாட்டார். கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காத்து, உன் கைவேலையை ஆசீர்வதிப்பாராக.

எப்போதும் உன் நினைவோடு,
அம்மா
ஓர்டெல்லா ஹாஸ்கின்ஸ்