ஒயர்கூடைக் கோப்புகள்

12 ஜூன் 2007, செவ்வாய்

மாலை தாலுகா ஆபீஸிலிருந்து கிளம்பும்போது சூப்பிரண்டு என் ஒயர்கூடைக்குள் எட்டிப் பார்த்தார். டிபன் டப்பாவுக்கு அடியில் இரண்டு கோப்புகள்.

"ஃபைலை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதும்மா. இன்னொரு தடவை எடுத்தா மெமோதான்."

திருடிபோல் நின்றேன். பதினெட்டு வருஷமாக, தேங்கிய கோப்புகளை வீட்டில் முடித்துத்தானே மேஜையைக் காலி செய்கிறேன்!

மகள் சின்னவளாக இருந்தபோது ஞாயிறு மத்தியானம், தாம்பரம் வீட்டுக் கூடத்தில், என் வீட்டுக்காரர் சர்வே நம்பர்களைப் படிக்கப் படிக்க நான் எழுதுவேன். அவள் கோப்புக் கட்டின்மேல் தலைவைத்துத் தூங்குவாள். எழுந்தால் கன்னத்தில் நாடாத் தடம் இருக்கும்.

இப்போது அவளுக்குக் கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை. சாப்பிடும்போது சொன்னாள்: "அம்மா, நாளைக்கு எனக்கு வொர்க் ஃப்ரம் ஹோம். மேனேஜரே சொல்லிட்டாரு."

"எங்க ஆபீஸ்ல அதுக்குப் பேரு மெமோ" என்றேன்.

சிரித்தாள். அதே கன்னத்தில் குழி விழுந்தது.