ழகரத்தின் சுழி

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நீயும் பாப்பாவும் நலம்தானே? என் மறதிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கல்லீரல் கழிக்கவேண்டிய நஞ்சு ரத்தத்தில் தங்கி மூளையை மந்தமாக்குகிறது, சர்க்கரையும் அதோடு சேர்ந்துகொண்டது என்று டாக்டர் நேற்று சொன்னார். மருந்தில் சரியாகுமாம். பயப்படாதே.

தெரியவந்த விதம்தான் வேடிக்கை. திங்கட்கிழமை சலவைக்கூடத்தில், தமிழ் தெரியாத சூப்பர்வைசரிடம் அரைமணி நேரம் தமிழிலேயே பேசியிருக்கிறேன். அவர் நான் குடித்திருப்பதாக நினைத்துவிட்டார். என் அறையில் தங்கி, அங்கேயே கிழிசல் தைக்கும் தையல்காரர்தான் ஓடிவந்து டாக்டரிடம் இழுத்துப்போனார்.

"யோவ், அந்த ஆளப் போயி 'ஏம்மா, பாப்பா தூங்கிட்டாளா'ன்னு கேக்குற! மீசையப் பாத்துமா தெரியல?"

சிரித்துவிட்டேன். இங்கே வந்து அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

தினமும் நாலு வரி எழுதச் சொல்கிறார் டாக்டர். கைநடுக்கம் எழுத்தில் தெரியுமாம். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது, தையல்காரருக்குப் படிக்கத் தெரியாது. இதைப் பழைய கடிதங்களோடு வைத்துப் பார். ழகரத்தின் சுழி கோணியிருந்தால் மறைக்காமல் சொல். பாப்பாவையும் ஒரு வரி எழுதச் சொல்.

தபால்காரர் கிளம்புகிறார். சலவை இயந்திரத்தில் மறுபடி வேலைக்கு விடுவார்களா, ஊருக்கு அனுப்புவார்களா என்று இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் சொல்வார்களாம்.

உன்னவன்