வரவு வைக்காத பாட்டுகள்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு சுகமாகவே இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் குட்டியும் அதே மாதிரி சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குட்டிக்குக் கீழ்ப்பல் முளைத்துவிட்டதா, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் வயசு, கவனம். கையில் போன் இருக்க இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் பேசினால் உன் அம்மா வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறாள், காதில் விழாவிட்டாலும் என் மூஞ்சியைப் பார்த்தே பாதியைப் பிடித்துவிடுகிறாள், அதனால்தான் காகிதம். நான் உள் அறையில் பாட்டுக்குப் பெயர் போட்டுக்கொண்டிருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் ஹார்டு டிஸ்க் பெட்டிகளுக்குப் பின்னால் பரீட்சையில் காப்பியடிக்கிற பையன் மாதிரி குனிந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வீட்டு விஷயம் ஒன்றும் பெரிதாக இல்லை. மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் வரும்போதெல்லாம் "இனிமே ஒரு சொட்டு வராது சார்" என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போகிறார், அவர் தெருமுனை திரும்புவதற்குள் சொட்டு விழுகிறது. உன் மாமாவுக்கு முழங்கால் வலி, மாடிப்படியைப் பார்த்தாலே அழுகிறார், ஆனால் எனக்குப் பாட்டுக் கொடுக்க வேண்டுமென்றால் மட்டும் விறுவிறுவென்று ஏறி வந்துவிடுகிறார். இனி உன் அம்மா காது விஷயத்துக்கு வருகிறேன், பதறாமல் படி. இடது காது அவளுக்குச் சின்ன வயசிலேயே போய்விட்டது என்று உனக்குத் தெரியும், தெருவில் நடக்கும்போது அவள் எப்போதும் எனக்கு இடப்பக்கமாக வருவதே வலது காது என் பக்கம் இருக்கட்டும் என்றுதான். இப்போது அந்த வலது காதும் இறங்கிக்கொண்டே வருகிறது. காது டாக்டர், உன் வயசுப் பெண்தான், பொறுமையாகப் படம் வரைந்து காட்டினாள். ஆபரேஷன் செய்து அந்த வலது காதுக்குள் ஒரு கருவி வைக்கப்போகிறார்கள், அடுத்த மாதம் முதல் வாரத்தில். "பேச்சு புரியும்மா, பழகப் பழக நல்லாவே புரியும். ஆனா பாட்டு இப்ப மாதிரியே கேக்கும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அந்தக் காதுல இப்ப மிச்சம் இருக்கறதுகூட ஆபரேஷன்ல போயிடலாம்" என்று எழுதியும் காட்டினாள், சத்தமாகச் சொல்லியும் காட்டினாள். உன் அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அப்ப அதுக்குள்ள எனக்கு நல்லதா கொஞ்சம் பாட்டு போட்டுடுங்க. வீடு பூரா பாட்டுதானே வெச்சிருக்கீங்க" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளாக வாய்விட்டு என்னிடம் எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அந்த வீடு பூரா இருக்கிற பாட்டைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் முதல் கல்லை வைத்தவன் நீ. விமானம் ஏறுகிற அன்று ஒரு டிஸ்க்கை என் கையில் திணித்து, "அப்பா, இதுல எல்லாம் இருக்கு, ரிட்டயர் ஆனதும் உக்காந்து நிம்மதியா கேளுங்க" என்றாயே, நிம்மதி என்ற வார்த்தையைக் கேட்டாலே இப்போது எனக்கு எரிச்சல் வருகிறது. அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த கிடங்கில் எனக்கு வழியனுப்பு விழா வைத்தார்கள், மனுஷன் எப்போதும் பாட்டு பாட்டு என்று அலைகிறானே என்று எல்லோரும் சேர்ந்து தங்களிடம் இருந்த பாட்டையெல்லாம் ஒன்றாகப் போட்டுப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்புறம் உன் மாமா. அப்புறம் ‘கண்ணாடி’, அவனை உனக்குத் தெரியும், என்னோடு உதிரிபாகப் பிரிவில் இருந்தவன், வீடு மாறும்போது இரண்டு அட்டைப்பெட்டி நிறைய கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, "உங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். வாசலுக்கு வந்த சரக்கைத் திருப்பி அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. மொத்தம் நாலரை லட்சம் பாட்டு இருக்கிறதடா. சாப்பிடாமல் தூங்காமல் ஓட்டினாலே மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும், மனுஷனாக ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் கேட்டால் எனக்கு நூறு வயசு தாண்டியும் முடியாது. அதிலும் ஒரே பாட்டு பத்து இடத்தில் கிடக்கிறது, ஒன்றில் பாடியவர் பெயர் தப்பு, ஒன்றில் முதல் வரி வெட்டுப்பட்டிருக்கிறது, ஒன்றுக்குப் பெயரே இல்லை, வெறும் நம்பர். எதை வைப்பது, எதை அழிப்பது? நல்லதை அழித்துவிட்டுக் கெட்டதை வைத்துக்கொண்டால் யாரைப் போய்க் கேட்பது? அழிக்கிற பட்டனில் விரலை வைத்தால் உடனே எடுத்துவிடுகிறேன். காலையில் பல் தேய்த்ததும் அந்த அறைக்குள் போனால் உன் அம்மா வந்து கத்திக் கூப்பிட்டால்தான் வெளியே வருகிறேன். உள்ளே போக எனக்குப் பிடிக்கவில்லை, போகாமல் வெளியே உட்கார்ந்தால் உள்ளே ஏதோ குவிந்துகொண்டே இருப்பதாகத் தோன்றி எழுந்து போய்விடுகிறேன். பெட்டிகளின் விசிறிச் சத்தம் காதைவிட்டுப் போவதே இல்லை. பாட்டை நான் வைத்திருக்கிறேனா, பாட்டு என்னைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று எனக்கே இப்போது விளங்கவில்லை.

என் வேலை என்ன, அதன் விதி என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வரவு வைக்காத சரக்கு வெளியே போகக் கூடாது. லாரியில் வந்து இறங்கினதைப் பிரித்துப் பார்க்கணும், எண்ணணும், சீட்டுக் கட்டணும், அலமாரித் தட்டில் அடுக்கணும், அப்புறம்தான் ஜன்னலில் நிற்கிறவனுக்குக் கொடுக்கணும். மேலதிகாரியே வந்து நின்றாலும் சரி, எந்திரம் நின்றுபோய்க் கிடந்தாலும் சரி, வரவு வைக்காமல் ஒரு திருகாணியைக்கூட நான் வெளியே விட்டதில்லை, அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. அந்தப் பெருமைதான் இப்போது என் கழுத்தைப் பிடித்திருக்கிறது. உன் அம்மா கேட்டாளே, மிச்சம் இருக்கிற காதுக்கு ஏதோ ஒன்றையா போடுவது, இருக்கிறதிலேயே ஒசத்தியானதை, கொஞ்சம்கூட இரைச்சல் இல்லாத பிரதியைத்தான் போடணும் என்று முடிவு செய்தேன். ஒசத்தி எது என்று தெரிய வேண்டுமென்றால் எல்லாவற்றையும் பார்த்து முடித்தாகணும் இல்லையா? உட்கார்ந்தேன். ஒவ்வொன்றிலும் ஆரம்பத்தை மட்டும் கொஞ்சம் கேட்பேன், பெயரைத் திருத்துவேன், அடுத்ததுக்குப் போவேன். அவள் வாசற்படியில் வந்து நின்று "ஆச்சா?" என்பாள், "இதோ, இன்னும் கொஞ்சம்தான்" என்பேன். நாள் போனது, வாரம் போனது. இந்தப் பெட்டிகளுக்கு இடம் வேண்டுமென்று அவளுடைய தையல் மெஷினைக் கூடத்து மூலைக்குத் தள்ளியிருந்தேன், அந்தக் கோபமும் சேர்ந்து ஒரு நாள் பொரிந்து தள்ளிவிட்டாள். "சக்களத்தின்னா ஒருத்தி வருவா, இங்க பெட்டி பெட்டியா வந்து எறங்குறாளுங்க" என்று பக்கத்து வீட்டு அக்காவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். இன்னொரு நாள், "நான் என்ன உங்க கிடங்கு ஜன்னல்ல சீட்டு நீட்டிக்கிட்டு நிக்கிற ஆளா?" என்று கேட்டாள். எனக்கும் கோபம் வந்தது, உனக்காகத்தானே இந்தப் பாடு படுகிறேன் என்று கத்தினேன். "என்ன சொன்னீங்க?" என்றாள். கோபத்தில் கத்தினதைத் திருப்பி ஒரு தடவை சொல்ல யாருக்குத் தெம்பு இருக்கிறது, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளே தையல் மெஷின் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள். வலது காது ஸ்பீக்கர் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு, "இன்னிக்கு அடுப்பு பத்த வெக்கல. ஒரு முழுப் பாட்டு போடுங்க, கேட்டுட்டுத்தான் எழுந்திருப்பேன்" என்றாள். எந்தப் பாட்டு என்று கேட்டேன், எது முதலில் இருக்கிறதோ அது என்றாள். என்னால் முடியவில்லையடா, நம்பு. மவுஸை உருட்டுகிறேன், உருட்டுகிறேன், ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு குறை கண்ணில் படுகிறது, இது வேண்டாம், இதற்கு நல்ல பிரதி வேறெங்கோ இருக்கிறது, இது இன்னும் வரவு வைக்காதது. நாலரை லட்சம் பாட்டு கையில் இருந்தும் பெண்டாட்டிக்கு ஒரு பாட்டுப் போட வக்கில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் பார்த்தாள், பார்த்தாள், மவுஸைப் பிடுங்கி ஏதோ ஒன்றின்மேல் ஒரு தட்டுத் தட்டினாள். மெதுவான பாட்டு, ஒரு பெண் குரல், கீழ் ஸ்தாயியில் தாளத்தோடு ஆரம்பித்தது. பெயரில் ஒரு எழுத்துத் தப்பாக இருந்தது, என் கை தானாக அதைத் திருத்தப் போனது. கையிலேயே ஒரு அடி போட்டாள், அப்புறம் அந்தக் கையை விடாமல் தன் மடியில் பிடித்து வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். திருத்த வழியில்லாததால் நானும் பாட்டைக் கேட்டேன். எவ்வளவு காலத்துக்கு அப்புறம் ஒரு பாட்டைக் கேட்கிறேன்! நடுவில் ஓரிடத்தில் தாளம் நின்றுபோகிறது, அந்தக் குரலும் வயலினும் மட்டும் மேலே மேலே ஏறிப் போய் அங்கேயே நின்றுகொள்கின்றன, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இதைத்தானே அவள் கேட்டாள், இதைப் போடவா இத்தனை வாரம் என்று நினைத்துக்கொண்டு அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறேன், அவள் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "என்ன, பாதியிலயே நிறுத்திட்டாங்க?" என்றாள்.

பாட்டு நிற்கவில்லையடா. அந்தப் பெண் உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருக்கிறாள். நான் என்ன சொல்வேன் சொல்லு. "ஆமா, இந்தப் பிரதி பாதியோட வெட்டுப்பட்டிருக்கு, சரக்கு சரியில்ல" என்று அவள் காதருகே போய்க் கத்திச் சொன்னேன். "அதான் பாத்தேன்" என்று சிரித்தாள். தாளம் திரும்பி வந்தால் அவளுக்குக் கேட்டுவிடும், விஷயம் தெரிந்துவிடும் என்று ஸ்பீக்கர் சத்தத்தைச் சட்டென்று குறைத்துவிட்டேன். அவள் ஸ்டூலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள், நான் அந்த அறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். அஞ்சு வாரத்துக்கு முன்னால், பஸ்ஸில் அவள் கேட்ட அன்றே இதைப் போட்டிருந்தால் முழுசாகக் கேட்டிருப்பாளோ என்னவோ, யாருக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரியாது. இத்தனைக்கும் அப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா, கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பாட்டின் பெயரில் இருந்த எழுத்தைத் திருத்தினேன். என்னை என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நேற்று துணி மடித்துக்கொண்டே உன் அம்மா, "போன மாசம் புள்ள பேசினது ஒரு வார்த்தை விடாம கேட்டுது, அவனுக்கு எங்கப்பா குரல், அடித்தொண்டையிலேருந்து வரும்" என்றாள். மேலே போகிற சத்தம்தான் அவளுக்கு எட்டவில்லை, கீழே இருப்பது இன்னும் இருக்கிறது, உன் குரல் அந்தக் கீழ் வரிசையில் இருக்கிறது. வேலை இருக்கிறது, லீவு கிடைக்காது, எல்லாம் எனக்குத் தெரியும், ஆனாலும் ஆபரேஷனுக்கு முன்னால் நான்கு நாள் வந்துவிட்டுப் போ. குட்டியைத் தூங்க வைக்க நீ ஏதோ பாடுகிறாயாமே, சுருதியே சேராது என்று மருமகள் போனில் சொல்லிச் சிரித்தாள். அதைப் பாடு, சுருதி கிடக்கட்டும், அவள் வலப்பக்கம் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை பாடு. வரவே முடியாவிட்டால் போனிலாவது தினமும் கூப்பிட்டுப் பாடு, மெசேஜ் அனுப்பாதே. அந்தப் பாட்டு நிற்கவில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாம்.

மருமகளுக்கும் குட்டிக்கும் எங்கள் ஆசி, மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. வர முடியவில்லையே என்று பாடினதைப் பதிவு செய்து அனுப்பிவிடாதே. அப்படி ஒரு பதிவு வந்தால் நான் அதற்கும் பெயர் போட்டு, நம்பர் போட்டு, தட்டில் வைத்துவிடுவேன்.

என்றும் உன் நலமே நினைக்கும்,
அப்பா