மதகு மூடின மருமகள்

இதை எழுதும்போதும் என் முகத்தில் ரப்பர் வாடை அடிக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவினேன், கடலைமாவு தேய்த்துக் கழுவினேன், போகிற வழியாக இல்லை. கண்ணைச் சுற்றி வட்டமாக ஒரு தடம் வேறு பதிந்திருக்கிறது. "என்னம்மா மூஞ்சியில?" என்று காலையில் மகள் கேட்டாள். "பாயில அழுந்திடுச்சு" என்று சொல்லி வைத்தேன். போன வாரம் உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்த நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேற்று மத்தியானம் நான் நம் குளத்தில் இறங்கினேன். நீ இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாய். படிக்க நீ இல்லை என்பதால்தான் எழுதவே தைரியம் வருகிறது.

உன் வீட்டுக்காரர் எங்கள் கூடத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். காபி வேண்டாம் என்றார். நீ தை மாதமே கண்ணை மூடிவிட்டாய் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பையிலிருந்து அந்தக் கண்ணாடியையும் வளைந்த குழாயையும் எடுத்து வைத்தார். "ஆஸ்பத்திரில இருக்கப்பவே சொல்லிட்டா, இத உங்க கையில குடுக்கணும்னு. ஏன்னு கேட்டேன், அவளுக்குத் தெரியும்னா" என்றார். எனக்குத் தெரியாமலா? அந்தக் கண்ணாடியைப் பார்த்ததும் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் காது சூடேறியது. அழுகை வரவில்லை, வெட்கம்தான் முதலில் வந்தது.

காரைக்கால் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். பிறகு நீ பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்த சொல்தா ஒருவரைக் கட்டிக்கொண்டு ரியூனியன் தீவுக்குப் போனாய். நான் வாக்கப்பட்ட வீடு பூவத்தில், உன் பிறந்த வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அமைந்தது. கல்யாணமாகி வந்த முதல் ஆடியில் நீ லீவில் வந்திருந்தாய். உன்னைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் வந்த மாதிரி இருந்தது. புது வீட்டில் யாரிடமும் வாய்விட்டுச் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு வந்து சேரவில்லை. ஆற்றில் மணல்தான் ஓடியது. அதனால் ஆடிப்பெருக்கைக் குளத்தங்கரையில் கும்பிட்டார்கள். பழைய தண்ணீர், அசையாமல் நின்று தெளிந்து, மூன்றாம் படிவரை கண்ணாடியாகத் தெரிந்தது. காப்பரிசி, காதோலை, கருகமணி எல்லாம் வைத்துப் படைத்துவிட்டு மற்றப் பெண்கள் போய்விட்டார்கள். அத்தையும், "நான் போயி வெளக்கேத்தி வக்கிறேன். நீ மாலைய விட்டுட்டுத் தாலிய எடுத்துக்கிட்டு வா, புதுக் குண்டு சேத்துக் கோத்துடலாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். துணைக்கு நீ இருந்தாய்.

புதுப்பெண் செய்ய வேண்டியது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மஞ்சள் துண்டு கட்டிய புதுக் கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்ட பிறகு பழைய கயிற்றைக் கழற்ற வேண்டும். அதிலிருந்து பொன்னைப் பிரித்து வெற்றிலையில் வைத்துக்கொள்ள வேண்டும். வெறும் கயிற்றையும், காய்ந்துபோன கல்யாண மாலையையும் தண்ணீரில் விட வேண்டும். பச்சைப்பிள்ளைகூடச் செய்யும். நானோ உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரியூனியனில் கரையோரக் கடல் இடுப்பளவுதான் என்றாய். மூஞ்சியைக் கண்ணாடியோடு தண்ணீரில் வைத்துக்கொண்டு சும்மா மிதந்தால் போதும், நீந்தக்கூட வேண்டாம் என்றாய். கீழே பூப்பூவாய்ப் பவளப்பாறை, மஞ்சளும் நீலமுமாய் மீன்கள், ஒன்று உன் விரலை வந்து மோந்து பார்த்ததாம். "பயமா இல்லியாடி?" என்றேன். "மொத நாளு இருந்துச்சு. அப்பறம் கரைக்கு வரத்தான்டி பயம்" என்றாய். அந்தப் பேச்சின் நடுவில்தான் நான் மாலையும் பழைய கயிறும் இருந்த வாழையிலையை அப்படியே தண்ணீரில் சாய்த்தேன். மாலை மிதந்தது. இலை மிதந்தது. பொன்னோடு இருந்த கயிறு முழுகிப் போயிற்று.

பொன்னை வைக்க எடுத்த வெற்றிலை கையில் வெறுமனே இருப்பதைப் பார்த்ததும்தான் செய்த காரியம் எனக்குப் புரிந்தது. தாலியைத் தொலைத்தாள் என்றால் பெண்ணைக் குற்றம் சொல்வதோடு நிறுத்துவார்களா? அதன்பின் அந்த வீட்டில் யாருக்குத் தலைவலி வந்தாலும் என் பெயர்தான் அடிபடும். நீ மட்டும் பதறவே இல்லை. "இரு, வரேன்" என்று வீட்டுக்கு ஓடினாய். திரும்பி வந்தபோது உன் கையில் அந்தக் கண்ணாடியும் குழாயும். புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, பாசிப்படியில் வழுக்காமல் இறங்கினாய். முதுகு தெரிய, குழாய் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்க, தண்ணீரோடு தண்ணீராய்க் கிடந்தாய். நடுவில் ஒருமுறை காலை உதறிக்கொண்டு உள்ளே போய், மறுபடி வந்தாய்.

சாமி படத்தைப் பார்ப்பதுபோல் உன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் வரப்பில் யாரோ கூவிக்கொண்டு ஓடிவந்தார்கள். "தண்ணி வந்துடுச்சு! வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு!"

ஊரே காத்துக்கிடந்த தண்ணீர். கோயிலில் தேங்காய் உடைத்து வேண்டிக்கொண்ட தண்ணீர். அது வந்துவிட்டது என்று கேட்டதும் நான், நாலு தலைமுறையாக நெல் விளைத்த வீட்டில் பிறந்தவள், என்ன நினைத்தேன் தெரியுமா? ஐயோ, இன்றைக்கு வராமல் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். குளத்து மதகைத் திறந்தால் செந்தண்ணீர் உள்ளே பாயும். வண்டல் படிந்தால் கயிறாவது, பொன்னாவது.

தண்ணீரைப் பார்க்கச் சனம் மொத்தமும் குளத்தங்கரைக்கு வந்தது. வந்தவர்கள் தண்ணீரை விட்டுவிட்டு உன்னைப் பார்த்தார்கள். பிள்ளைகள் தவளை தவளை என்று கத்தின. "அவ என்னத்தடி தேடுறா?" என்று ஒருத்தி கேட்டாள். நான் கேட்காததுபோல் திரும்பிக்கொண்டேன். படியில் இறங்கி, "ஏய், கெடச்சிச்சா?" என்று அடிக்குரலில் உன்னைக் கூப்பிட்டேன். இரண்டு மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் தலையைத் தூக்கினாய். வாயில் குழாயோடு இல்லை என்று தலையாட்டிவிட்டு மறுபடி கவிழ்ந்தாய்.

வெகுநேரமாகியும் ஆளைக் காணோமே என்று அத்தை தேடிக்கொண்டு வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். இனி மறைக்க முடியாது என்று, அத்தனை பேர் காதிலும் விழ, "அத்த... தாலி தண்ணியோட போயிடுச்சு" என்றேன்.

அத்தை படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மதகடியில் கம்பியோடு நின்ற பெரியவர்தான் சத்தமாகச் சொன்னார்: "நம்ம மொற பொழுது சாயிற வரைக்குந்தான். அப்பறம் தண்ணி பக்கத்தூருக்குப் போயிடும். என்ன பண்ணலாங்கிறீங்க?" குளம் நிறைந்தால்தான் மேட்டு நாற்றங்காலுக்கு இறைக்க முடியும். ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில், "தாலி விஷயம். கொஞ்சம் பொறுப்போம்" என்று முடிவாயிற்று. வாய்க்காலில் தண்ணீர் குளத்தைத் தாண்டிச் சலசலவென்று அடுத்த ஊரைப் பார்க்க ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, ஊர்ச் சனத்தின் நடுவில் நின்றேன். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது.

வெயில் இறங்கத் தொடங்கியபோது நீ எழுந்து வந்தாய். விரலெல்லாம் சுருங்கியிருந்தது. கூட்டத்தைக் கண்டு திகைத்தாய். உடனே இடுப்பிலிருந்து கயிற்றை எடுத்து நீட்டினாய். பெண்கள் குலவை போட்டார்கள். மதகு திறந்தது. செந்தண்ணீர் நுரைத்துக்கொண்டு படிப்படியாய்க் குளத்தை மூடுவதைப் பார்த்து, நீ மட்டும் "போச்சு" என்றாய்.

ராத்திரி ஆவதற்குள் உன் வீட்டுக் கொல்லையில் வைத்து நீயே சொல்லிவிட்டாய். ஒளித்துவைக்கத் தெரியாதவள் நீ. "கோச்சுக்காதடி. எறங்குன கொஞ்ச நேரத்துலயே கெடச்சிடுச்சு."

"கெடச்சும் ஏன்டி இல்லன்ன?"

"சொன்னா ஏறி வரச் சொல்லுவ. ஊருக்கு வந்த நாளுலேருந்து பாக்குறவ எல்லாம் விசேஷம் உண்டா, விசேஷம் உண்டான்னு வயித்தையே பாக்குறாளுவோ. தண்ணிக்குள்ள யாரும் கேக்க மாட்டாங்கடி. கூப்புட்டாக் கூடக் கேக்காது."

அதே காலையில் நானும்தான் அதைக் கேட்டிருந்தேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. ஊர் முன்னால் நான் கூனிக் குறுகி நின்றது மட்டுமே கண்முன் நின்றது. "இனிமே என் மூஞ்சியில முழிக்காத" என்றேன். நீயும் முழிக்கவில்லை. லீவு முடிந்து போனாய்.

அதன்பிறகு எனக்கு இந்த ஊரில் பெயரே வேறாயிற்று. 'மதகு மூடின மருமக.' தண்ணீர் தாமதமான வருஷமெல்லாம், "மதகு மூடின மருமக குளத்துப் பக்கம் போனாளா பாருங்க" என்று கேலி பேசுவார்கள். எழுபதுகள் போய் எண்பதுகளும் முடியப்போகின்றன, கேலி ஓயவில்லை. பெயர் சூட்டியவர்களைவிட உன் மேல்தான் எனக்கு ஆத்திரம். கையில் வைத்துக்கொண்டே என்னைக் கதறவிட்டாளே என்று. அத்தை மட்டும் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. நியாயமாகப் பார்த்தால் சொல்லிக்காட்ட உரிமையுள்ள ஒரே ஆள் அவர்தான்.

நேற்றுக்கு வருகிறேன். சாப்பாடு முடிந்து ஊர் அடங்கிய நேரம். அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம், பார்த்துவிட்டு உன்னை இன்னும் நாலு வார்த்தை திட்டுவோம் என்றுதான் இறங்கினேன். முதலில் மூக்கில் தண்ணீர் ஏறி, புரையேறி, சரிதான் இது நமக்கு ஆகாது என்று படியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு குழாயை வாயில் கவ்விக்கொண்டு, நீ அன்று சொன்னதுபோல் உடம்பை விட்டுவிட்டேன்.

படிகள் தண்ணீருக்குள்ளும் இறங்கிக்கொண்டே போகின்றனடி. தினமும் துவைக்கிற குளம், எனக்குத் தெரியவே தெரியாது. ஆம்பல் தண்டுகள் கீழிருந்து கயிறு கயிறாய் ஏறி வருகின்றன. வெயில் உள்ளே விழுந்து ஆடுகிறது. ஒரு கெண்டைக் குஞ்சு என் வளையலுக்குள் புகுந்து போயிற்று. என் மூச்சுச் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. உலை கொதிக்கிறதா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா, எதுவும் நினைவில்லை. நான் யாருடைய மருமகள், எதை மூடினவள் என்பதும் நினைவில்லை. உடம்புக்குக் கனமே இல்லை.

அப்போது அத்தையின் குரல் வந்தது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நீ சொன்னது பொய். தண்ணீருக்குள்ளும் கேட்கிறது. எங்கோ தூரத்தில், ஆனால் கேட்கிறது. அன்று நான் கூப்பிட்டதும் உனக்கு முதல் தடவையே கேட்டிருக்கும்.

மறுபடி கூப்பிட்டார். மறுபடி. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கவிழ்ந்தே கிடந்தேன். அந்தக் குரலில் அழுகை கலந்ததும்கூடத் தெரிந்தது. தலையைத் தூக்கவில்லை.

தூக்கியபோது அத்தை இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். நீச்சல் தெரியாதவர், முழங்கால் வலியால் முதல் படிக்குக் கீழே இறங்காதவர். ஒரு கையில் படித்துறைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, மறுகையை என்னை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தார். பிடித்து மேலே ஏற்றினேன். என் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார்.

"நான் கூப்புட்டது கேக்கலியாடி?" என்றார்.

"கேக்கல அத்த" என்றேன்.

நம்பிவிட்டார். இன்று அவருக்குச் சளி பிடித்திருக்கிறது. சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன், முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உன்னை இத்தனை வருஷம் எந்தெந்த வார்த்தை சொல்லித் திட்டினேனோ, அத்தனையும் என் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வெட்கமாக இருக்கிறது, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல வெட்கமாக இருக்கிறது. அவர் தூங்கியதும் மறுபடி குளத்துக்குப் போகத்தான் போகிறேன்.